பழைய மேக் மினி படுத்துகிறதா? அறிகுறி பார்த்து வழி காணுங்கள்

நாகர்கோவிலில் கொடை விழா நோட்டீசும் திருமண அழைப்பிதழும் வடிவமைக்கும் கடைகளிலும், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தேவாலயப் பாடகர் குழுக்களின் ஒலிப்பதிவு அறைகளிலும் ஆப்பிளின் சிறு மேசைக் கணினியான மேக் மினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சாண் அகலம், ஒன்றேகால் கிலோவுக்குள் எடை. பெரும்பாலும் 2012 அல்லது 2014 ஆண்டுப் பெட்டிகள். இவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்: "அண்ணாச்சி, இது போய்விட்டது போலிருக்கிறது." பாதிப் பெட்டிகள் போகவில்லை என்பதுதான் என் அனுபவம்.

இதற்கு வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று, பொருள் தேய்ந்து வருவது. கோப்புகளைச் சேமிக்கும் வட்டு, விசிறி, பேட்டரி, உப்புக்காற்று பட்ட ரேம் (வேலை நேரத்து நினைவகம்) எல்லாம் இதில் சேரும். மற்றது, பெட்டியில் ஒரு குறையும் இல்லாதபோது, தயாரித்த நிறுவனம் மென்பொருள் கொடுப்பதை நிறுத்திவிட்டதால் வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர் நல்ல பெட்டியைத் தூக்கிப் போடுகிறார். இல்லையென்றால் ரேம் வாங்கித் தீராத நோய்க்குச் செலவழிக்கிறார்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் திரையின் இடது மேல்மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, 'அபவுட் திஸ் மேக்' திறந்து ஆண்டைப் பாருங்கள். 2012 பெட்டிக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி இயங்குதளம் 2019இல் வந்த கேட்டலினா. அதற்கான கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2022 ஜூலையில் வந்தது. 2014 பெட்டி மான்டெரேயோடு நின்றது. அதற்கும் 2024 ஜூலைக்குப் பிறகு எதுவும் இல்லை. 2018 பெட்டி செக்கோயா வரை போகும். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு டஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025இல் ஆப்பிளே சொல்லிவிட்டது. அந்த டஹோவும் எந்த இன்டெல் மினிக்கும் கிடையாது. இனி அறிகுறிக்கு வருவோம்.

பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை

முதலில் மின்கம்பியைப் பாருங்கள். எட்டு வடிவத் தலையுள்ள அந்தக் கம்பி பெட்டியின் பின்னால் தளர்ந்து நிற்பது சாதாரணம். அடாப்டர் வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது; 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். எனவே மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைவதால் மட்டும் இது சாகாது. கம்பியைப் பிடுங்கிப் பதினைந்து விநாடி விட்டு, மறுபடி செருகி, ஐந்து விநாடி கழித்துப் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் விட்டுவிட்டு வந்து பிறகு எழாமல் கிடந்த பெட்டிகளில் சில இதற்கே எழுந்துவிடும். எழாவிட்டால் உள்ளே இருக்கும் மின்வழங்கி அல்லது போர்டு. மின்வழங்கியைத் தனியாக மாற்றலாம். போர்டு என்றால் 2012 பெட்டிக்கு நான் செலவழிக்கச் சொல்வதில்லை.

இடிமழை கதை வேறு. சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் மாவட்டத்தில் விழும் இடி மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. இணைய இணைப்பின் செம்புக் கம்பி வழியாக ரூட்டருக்கும், அங்கிருந்து வலைக்கம்பி வழியாகக் கணினிக்கும் வரும். வானம் இருண்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வலைக்கம்பியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு பார்த்தால் கணினி ஓடும், வலைத்துளை மட்டும் செத்திருக்கும். இதற்குப் போர்டு மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் வலை அடாப்டர் ஒன்று போதும்.

திரை இருட்டு, 'பீப்' சத்தம் மட்டும் வருகிறது

ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஒற்றைச் சத்தம் வந்தால், ரேம் இருப்பதையே பெட்டி உணரவில்லை. மூன்று சத்தம் தொடர்ந்து வந்து இடைவெளி விட்டு மறுபடி மூன்று வந்தால், ரேம் இருக்கிறது ஆனால் சோதனையில் தோற்றுவிட்டது.

2012 பெட்டி என்றால் கவலை இல்லை. தலைகீழாகத் திருப்பி வையுங்கள். கறுப்பு வட்ட மூடியில் கட்டைவிரல் பதியும் இரண்டு குழிகள் இருக்கும். இடப்புறமாகத் திருப்பினால் மூடி கையோடு வந்துவிடும். ரேம் இரண்டும் மேலாகவே இருக்கும். பக்கவாட்டுக் கொக்கிகளை விலக்கினால் சாய்ந்து எழும். குளச்சல், முட்டம் போலக் கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில் ரேமின் தங்கநிறப் பற்கள் மங்கி, ஓரத்தில் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. எது பழுது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

2014 பெட்டியில் இந்த வேலை நடக்காது. ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டி மூன்று முறை கத்தினால் போர்டே போன மாதிரிதான். புதிய பெட்டி பழையதைவிடப் பழுதுபார்க்கக் கடினமாக இருக்கும்படி வடிவமைத்தவர்கள் மீது எனக்குள்ள கோபத்தை இங்கே விரிக்கவில்லை.

கேள்விக்குறி போட்ட கோப்புறை மின்னுகிறது

இயங்குதளம் இருக்கும் வட்டைக் கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். கம்பியுள்ள கீபோர்டைச் செருகுங்கள். புளூடூத் கீபோர்டு இந்த நேரத்தில் கைவிட்டுவிடும். விண்டோஸ் கீபோர்டாக இருந்தாலும் பரவாயில்லை: கமாண்ட் விசைக்கு விண்டோஸ் சின்னமுள்ள விசை, ஆப்ஷனுக்கு ஆல்ட். ஆப்ஷனை அழுத்திக்கொண்டே பெட்டியை இயக்குங்கள். வட்டின் படம் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், அமைப்புகளில் 'ஸ்டார்ட்டப் டிஸ்க்' எது என்று மறுபடி குறித்துவிடுங்கள், முடிந்தது. தெரியாவிட்டால் கமாண்டையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி மீட்புப் பகுதிக்குப் போய், டிஸ்க் யுட்டிலிட்டியில் வட்டு தென்படுகிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் வட்டு போய்விட்டது. உள்ளே 'டிக் டிக்' என்று கேட்டால் மேலும் மேலும் இயக்கிப் பார்க்காதீர்கள். எடுக்க வேண்டிய கோப்பு ஏதும் இருந்தால் அதுவும் போகும்.

எல்லாம் திறக்கிறது, ஆனால் ஆமை வேகம்

பணம் செலவழித்தால் பலன் உறுதியாகக் கிடைக்கும் அறிகுறி இது ஒன்றுதான். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

2012 பெட்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்தது நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க், 4 ஜி.பி. ரேம். கேட்டலினாவும் அதற்கு முந்தைய பதிப்பான மொஹாவியும், சுழலும் பாகமே இல்லாத வேகமான வட்டான எஸ்.எஸ்.டி.யை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கோப்பு முறையில் ஓடுகின்றன. சுழலும் வட்டில் அதைப் போட்டால் கோப்புறை ஒன்றைத் திறப்பதற்குள் வெளியே போய்ச் சாயா குடித்துவிட்டு வரலாம். செயலி கிழடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் ஐ7 நான்கு கரு கொண்டது, இன்றும் படம் திருத்தவும் பாட்டுக் கலக்கவும் தாராளமாகப் போதும்.

'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்து நினைவகப் பகுதியின் அடியில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். பச்சையாகவே இருந்தும் கணினி திணறினால் குற்றவாளி வட்டு. மஞ்சள், சிவப்பு என்று போனால் ரேமும் போதவில்லை. 2012 பெட்டிக்கு 16 ஜி.பி. வரை போடலாம், மடிக்கணினிக்கான பழைய டி.டி.ஆர்.3 வகை, 1600 வேகம். பழைய மடிக்கணினிகளைப் பிரிக்கும் கடைகளில் இது மலிவாகவே கிடைக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி.யை முதலில் வாங்குங்கள்.

மாற்றுவது எப்படி என்றால், வட்ட மூடியைத் திறந்ததும் விசிறி தெரியும். டார்க்ஸ் எனப்படும் ஆறுமுனைத் திருகுளி ஆறு, எட்டு என இரண்டு அளவில் வேண்டும். சாதாரண நான்குமுனைத் திருகுளியால் முயன்றால் திருகின் தலை வழுக்கிவிடும், பிறகு பெரும்பாடு. விசிறியின் கம்பி போர்டில் செருகியிருக்கும் இடம் மிகவும் மெல்லியது. பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள். அதற்கடுத்து ஓட்டைகள் போட்ட உலோகத் தகடு. அதன் அடியில் வைஃபை ஆன்டெனாவின் மெல்லிய கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். தகட்டை வெடுக்கென்று தூக்கினால் அந்தக் கம்பி அறுந்து, வட்டு மாற்றப்போய் வைஃபை இழந்த கதையாகும். தகட்டைச் சாய்த்து வைத்து, கம்பியின் முனையை நகத்தால் நெம்பிக் கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. எதுவானாலும் அந்த இடத்தில் பொருந்தும்.

கழற்றப் பயமாக இருந்தால் எஸ்.எஸ்.டி.யை உறையில் போட்டு யு.எஸ்.பி. 3 துளையில் வெளியே மாட்டி, அதிலிருந்தே இயக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் பழைய வட்டோடு ஒப்பிட்டால் அது ஒரு குறையே அல்ல.

விசிறி ஓயாமல் இரைகிறது

பெட்டியின் மேல் பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தால் முதலில் அதை எடுங்கள். சூடான காற்று பின்பக்கத்து மெல்லிய பிளவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் மூச்சு முட்டும். ஆக்டிவிட்டி மானிட்டரில் 'கெர்னல் டாஸ்க்' என்பது செயலியை விழுங்குவதாகத் தெரிந்தால் வைரஸ் என்று பதற வேண்டாம், சூட்டைக் குறைக்கக் கணினியே வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. விசிறியைக் கழற்றித் தூசியைத் தூரிகையால் எடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வரும் மண்துகள் விசிறியின் இறக்கைகளில் அப்பிக்கொண்டு நிற்கும். ஊதினால் மட்டும் போகாது.

தேதி பின்னுக்குப் போகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை

மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் காட்டினால், போர்டில் உள்ள நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, கடிகாரத்தை ஓட்டியது அந்தச் சின்ன பேட்டரிதான். தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் பொய்யாகத் தோன்றும். எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் எச்சரிக்கை வரும். தேதியைச் சரிசெய்தால் உடனே தீரும். பேட்டரியை, திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதி சரியாக இருந்தும் பல தளங்கள் "இணைப்பு பாதுகாப்பற்றது" என்கின்றனவா? எல் கேப்பிட்டான் அல்லது அதற்கும் முந்தைய பதிப்பில் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கலாம். இணையத்தில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்கு மாற்றாக வந்தது பழைய மேக்குகளுக்குத் தெரியாது. தளத்தின் மீதும் இணைப்பின் மீதும் தவறில்லை. 2012 பெட்டியைக் கேட்டலினாவுக்கு உயர்த்தினால் தீர்ந்தது. உயர்த்த முடியாத இன்னும் பழைய பெட்டி என்றால் ஃபயர்ஃபாக்ஸ் போடுங்கள். அது தன் சான்றிதழ்களைத் தானே வைத்துக்கொள்கிறது, இயங்குதளத்தைக் கேட்பதில்லை.

"நிறுவல் கோப்பு சேதமடைந்திருக்கிறது"

எப்போதோ இறக்கிப் பென் டிரைவில் பத்திரமாக வைத்த நிறுவி இப்படிச் சொன்னால் பென் டிரைவைக் குப்பையில் போட வேண்டாம். அந்த நிறுவிகளில் இருந்த ஆப்பிளின் சான்றிதழ் 2019 அக்டோபர் 24இல் காலாவதியானது. பழையதை அழித்துவிட்டு ஆப்பிள் பக்கத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். நேரமில்லை என்றால் இணையத்தைத் துண்டித்து, கணினியின் தேதியை அந்த நாளுக்கு முன்னால் வைத்துவிட்டு நிறுவுங்கள். முடிந்ததும் தேதியை மறக்காமல் திருப்பிவிடுங்கள்.

புதுப்பித்த பிறகு பழைய மென்பொருள் திறக்கவில்லை

அச்சுக் கடைக்காரர்களை அதிகம் அழவைத்தது இதுதான். கேட்டலினா 32 பிட் எனப்படும் பழைய வகை மென்பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் தள்ளிவைத்தது. இன்டிசைன் சி.எஸ்.6, ஆபிஸ் 2011 இரண்டுமே அந்த வகை. உருவச்சின்னத்தின் மேல் தடைக்கோடு விழும். எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் திறக்காது.

இதில் தமிழுக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பழைய திருவிழா நோட்டீசுகளும் மலர்களும், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் எழுத்துக்குப் பதில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். உரையை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் பக்க அமைப்போடு சேர்த்து மாறாது. ஒற்றும் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும், கண்ணால் படித்துத் திருத்தியாக வேண்டும்.

எனவே என் யோசனை: இன்னொரு எஸ்.எஸ்.டி.யில் மொஹாவியை நிறுவி வெளியே மாட்டிக்கொள்ளுங்கள். 32 பிட் மென்பொருளை ஓட்டும் கடைசிப் பதிப்பு அதுதான். 2012, 2014 பெட்டிகள் இரண்டும் அதை ஏற்கும். பழைய கோப்பு வேண்டும் என்றால் ஆப்ஷனை அழுத்தி மொஹாவிக்குள் போய், வேலையை முடித்து, பி.டி.எஃப். ஆக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அந்த வட்டில் இயங்கும்போது இணையம் வேண்டாம். புதிய வேலைகளை இன்றைக்கே யூனிகோடில் தொடங்குங்கள். தமிழ்99 விசைப்பலகை மேக்கிலேயே இருக்கிறது.

வெளி வட்டைச் செருகினால் மவுஸ் துள்ளுகிறது

மவுசில் குறையில்லை. யு.எஸ்.பி. 3 கருவிகளும் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகின்றன. புளூடூத்தும் பழைய வைஃபையும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. வட்டை நீளமான கம்பியில் தள்ளி வையுங்கள். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

உலவி "இனி ஆதரவில்லை" என்கிறது, மேக்கோ "எல்லாம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது" என்கிறது

எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த இரண்டாவது செய்திதான். 'சாப்ட்வேர் அப்டேட்' திறந்தால் உங்கள் மேக் புதுப்பித்த நிலையில் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்கிறது. கேட்டலினாவுக்கு இனி எதுவும் வராது என்பதை அந்தப் பெட்டி எங்கேயும் சொல்வதில்லை. நம்பிக்கையோடு ஆண்டுக்கணக்கில் வங்கி வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

கேட்டலினாவில் சஃபாரி உறைந்துவிட்டது. குரோம் 128ஆம் பதிப்போடு நின்றது; 2024இல் வந்த அடுத்த பதிப்பு, கேட்டலினாவுக்கு அடுத்த இயங்குதளமான பிக் சர் கேட்டது. இதை எழுதும்போது கேட்டலினாவைக் கைவிடாமல் இருப்பது ஃபயர்ஃபாக்ஸ்தான். முதல் உதவியாக அதைப் போடுங்கள். ஆனால் உலவி புதியதாக இருந்தாலும் அடியில் உள்ள இயங்குதளம் ஓட்டையானது. பணம் சம்பந்தப்பட்டதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வழி மூன்று உண்டு, மூன்றும் எல்லாருக்கும் பொருந்தாது.

'ஓப்பன்கோர் லெகசி பேட்சர்' என்ற இலவச மென்பொருள், ஆப்பிள் மறுக்கும் புதிய பதிப்புகளை 2012 பெட்டியிலும் நிறுவித் தருகிறது. செக்கோயா வரை போகலாம். மான்டெரே முதற்கொண்டு இந்தப் பெட்டியின் வரைகலைச் சில்லுக்கான இயக்கிகளை ஆப்பிள் நீக்கிவிட்டது, பேட்சர் அவற்றைத் திருப்பி ஒட்டுகிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அந்த ஒட்டு விலகும்; திரை இழுத்து இழுத்து நகரும்; மறுபடி ஒட்ட வேண்டும். பாதுகாப்புப் பூட்டுகள் சிலவற்றையும் தளர்த்தியாக வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் 8 ஜி.பி.யும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். வீட்டில் நோண்டிப் பார்க்க ஆசையுள்ளவருக்கு நல்லது. திருவிழாவுக்கு முந்தைய இரவு நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, லினக்ஸ். லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென் டிரைவில் எழுதி, ஆப்ஷன் அழுத்தி, ஆரஞ்சுநிறப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். நிறுவியதும் வைஃபை வேலை செய்யாமல் இருக்கக்கூடும். பிராட்காம் சில்லுக்கான இயக்கியை இறக்க வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் இந்த முடிச்சு அவிழும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கணக்கு, கடிதம், இணையம், பிள்ளைகளின் படிப்பு என்றால் இதுவே என் முதல் தேர்வு. அடோபி மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது உதவாது.

மூன்றாவது, எதையும் மாற்றாமல் இணையத்தை மட்டும் பிடுங்கிவிடுவது. கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பதிவு அறை வைத்திருக்கும் ஒரு பாடகர் குழுக்காரர் கேட்டார்: "அண்ணே, பதிவு நன்றாகத்தானே நடக்கிறது, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?" அவர் கேட்டது நியாயம். அவரிடம் இருக்கும் ஒலிக்கருவி ஃபயர்வயர் என்ற பழைய வகைத் துளையில் இணைவது. அந்தத் துளை உள்ள கடைசி மினி 2012தான். புதுக் கணினி வாங்கினால் ஒலிக்கருவியும் புதிதாக வாங்க வேண்டும். வைஃபையை அணைத்து, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, பாட்டுகளைப் பென் டிரைவில் எடுத்துப் போகச் சொன்னேன். மேக்கின் காப்பு நகல் வசதியான டைம் மெஷினில் வாரம் ஒரு நகல் மட்டும் தவறக்கூடாது.

வேறு மினி வாங்கலாம் என்றால்

பழைய சந்தையில் 4 ஜி.பி. உள்ள 2014 பெட்டியை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள், ரேமை ஏற்ற வழியே இல்லை. 2018இன் ரேமை மாற்றலாம், ஆனால் அதற்கான பதிப்புகள் முடிந்துவிட்டன. 2020இல் ஆப்பிளின் சொந்தச் சில்லோடு வந்த எம்1 பெட்டியிலிருந்து தேடத் தொடங்குங்கள். 2018 முதலான பெட்டிகளில் இன்னொரு பூட்டும் உண்டு: முந்தைய உரிமையாளரின் கணக்கு விலகாவிட்டால் வட்டை அழித்தாலும் பெட்டி அவருடைய பாஸ்வேர்டையே கேட்கும். விற்பவரை உங்கள் கண் முன்னே ஐகிளவுடிலிருந்து வெளியேறச் சொல்லி, எல்லாவற்றையும் அழித்து, வரவேற்புத் திரை வரும்வரை பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.